மொட்டைத் தலையும் ஐசி படமும்

தைப்பூசத்துக்கு மறுநாள், தண்ணீர்மலைக் கோயிலிலிருந்து வந்த பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இருவர். மொட்டைத் தலையில் சந்தனம் பூசியிருந்தவர் பக்கத்திலிருந்த பெண்ணிடம் சொன்னார்:

“ஐசி படமும் மூஞ்சியும் ஒத்துப்போகலன்னா ஓட்டுப் போட விடக்கூடாதுலா.”

“ஏண்ணே?”

“படம் வேற, ஆளு வேறன்னா கள்ள ஓட்டுதானே? லாஜிக்லா.”

“எங்க, உங்க ஐசியக் காட்டுங்க.”

அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். படத்தில் நெற்றிவரை சுருட்டை முடி.

“இது யாருண்ணே?”

“நான்தான். பதினஞ்சு வருசமா பக்கத்து வீட்டுல இருக்கே, தெரியலையா?”

“எனக்குத் தெரியுது. வர்ற சனிக்கிழமை ஓட்டுப் போடற எடத்துல உக்காந்திருக்கறவருக்கு?”

அவர் படத்திலிருந்த முடியைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு, அட்டையை மறுபடி நீட்டினார்.

“இப்பப் பாரு.”