நூற்று எழுபத்தைந்து கிராம்

— சமையல் தராசு எங்கே?

— மேதா, முதல்ல உக்காரு. கரும்புச் சோகை கிழிச்சுக் கையெல்லாம் ரத்தமா இருக்கு. மருந்து போட்டுட்டு...

— தராசு எங்கேன்னு கேட்டேன், சுதர்ஷன். கேக்குக்கு மாவு நிறுக்கறது.

— மேல் ஷெல்ஃப்ல. எதுக்கு இப்போ?

— இன்னிக்கு மேட்ச்ல கடைசிக் கூடைக்கு வீசினப்போ கரும்புக்குள்ள போய் விழுந்துதே இந்தத் தட்டு, இதை நிறுக்கணும்.

— ஹோகலி பிடும்மா, போனாப் போறது. ஒரு ஸ்ட்ரோக்தானே, ஒரே ஒரு வீச்சு ஜாஸ்தி. ஸ்ரீரங்கப்பட்டணத்துக் காத்து அப்படி. மத்தியானத்துக்கு மேல ஆத்துப் பக்கத்துலேர்ந்து...

— ஒரு ஸ்ட்ரோக்தானேவா? எந்த வாயால சொல்றே? அந்த ஒரு ஸ்ட்ரோக்ல பிரதிபா இந்தியா டீம்ல ஆடப் போறா, நான் இங்கே உனக்கு தோசை வாக்கப் போறேன். அடுத்த செலக்‌ஷன் ரெண்டு வருஷம் கழிச்சு. எனக்கு அப்போ முப்பத்தெட்டு. எவன் எடுப்பான்?

— கத்தாதே. அம்மா சமையல் உள்ளே இருக்கா.

— கத்துவேன். பதினேழு கூடை வரைக்கும் நானும் பிரதிபாவும் சமம். கடைசிக் கூடை. எதிர்காத்து மூஞ்சியில அறையறது. அந்தக் காத்துல லேசான தட்டை வீசினா எழும்பி வலப்பக்கம் கவுந்துடும், கரும்புதான். நேத்து ஆட வந்தவளுக்குக்கூடத் தெரியும். அதனாலதானே வருஷம் பூரா வீசின நூத்தி அறுபது கிராம் தட்டை விட்டுட்டு நூத்தி எழுபத்தஞ்சை எடுத்தேன்? தோள் ஆப்பரேஷனுக்கு அப்புறம் மொதல் தடவையா? கனமானது காத்தைக் கிழிச்சுண்டு போகணும். போச்சா?

— போகல.

— பட்டம் மாதிரி மேல போச்சு!

— நோடு, இங்கே பாரு, கோவிச்சுக்காதே. ஆப்பரேஷனுக்கு அப்புறம் தொடாத கனத்தை இன்னிக்குத் திடீர்னு எடுத்தே. கை பழகியிருக்காது. விடும்போது சாய்வு கொஞ்சம் தப்பியிருக்கும்.

— ஓஹோ! என் தலையிலயே திருப்பறியா? சும்னிரு, வாயை மூடு. இதோ தராசு. வெச்சுட்டேன். படி.

— மேதா...

— படிக்கத் தெரியாதா?

— நூத்தி அறுபது.

— இப்போ தட்டைத் திருப்பு. கீழே மையில என்ன எழுதியிருக்கு?

— நூத்தி எழுபத்தஞ்சு.

— பையிலேர்ந்து அந்த இன்னொண்ணை எடு. நான் தினம் வீசறது. வை.

— அது எதுக்கு...

— வைடா!

— நூத்தி எழுபத்தஞ்சு காட்டறது.

— கீழே?

— நூத்தி அறுபதுன்னு இருக்கு. கம்பெனியில மாத்தி எழுதித் தொலைச்சிருப்பான். அவனுக்கு ஒரு மெயில் போட்டு நாலு கேள்வி கேக்கறேன் பாரு.

— கம்பெனிக்காரன் ஏழுக்கு நடுவுல கோடு போடுவானா? இந்த வீட்டுல அப்படிப் போடறது ஒரே ஒருத்தன். பால் கணக்குல போடறே, கேஸ் புக்குல போடறே. இது உன் கையெழுத்து, சுதர்ஷன்.

— ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம். இப்போ ஞாபகம் வரது. போன ஆயுத பூஜைக்கு அம்மா உன் தட்டையெல்லாம் துடைச்சு வெச்சாளா? ஸ்பிரிட் போட்டுத் துடைச்சிருக்கா. மை அழிஞ்சுடுத்து. நீ பாத்தா வருத்தப்படுவியேன்னு நான் ஞாபகத்துலேர்ந்து எழுதினேன். மாறிப்போயிடுத்து.

— யாருடா ஸ்பிரிட் போட்டது?

— அம்மா, நீ உள்ளே போ.

— ஏன் போகணும்? என் பேரை இழுத்துட்டியே! ஸ்கூட்டர், மிக்ஸி, இவளோட தட்டு, எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம் வெச்சது நான்தான். மேல் பக்கம் வெச்சேன். அடியில என்ன எழுதியிருக்குன்னு திருப்பிக்கூடப் பாக்கல. மறுநாள் ஈரத்துணியால ஒத்தி எடுத்தேன். ஸ்பிரிட்டாமே, ஸ்பிரிட்டு! பூஜைக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை பால்கனியில பேப்பரை விரிச்சுண்டு தட்டைத் தேச்சுண்டிருந்தவன் நீதானேடா?

— அம்மா!

— என்ன அம்மா? சங்கிலி தொங்கற கூடையில தட்டெறியற ஆட்டம், எனக்கு ஒரு எழவும் புரியாது. ஆனா நான் பண்ணாததை என் தலையில கட்டாதே. மேதா, காபி கலந்து வெச்சிருக்கேன். குடிச்சுட்டு நன்னாத் திட்டு. நான் வாசல்ல இருக்கேன்.

— கம்பெனி இல்லை. அம்மாவும் இல்லை. பெத்தவ பேர்ல பழி போடறதுக்கு வெக்கமா இல்லை? இன்னும் யார் பாக்கி?

— கோவப்படாமக் கேளு.

— கோவப்பட்டுண்டேதான் கேப்பேன். சொல்லு.

— அப்போ உனக்கு ஆப்பரேஷன் ஆகி எட்டு மாசம் ஆயிருந்துது. டாக்டர் என்ன சொன்னார்? தோள் கூடிடுத்து, எதை வேணா எறியலாம்னார். ஃபிசியோ நிர்மலாவும் சொன்னா. நீ கேட்டியா? கனமான தட்டைப் பாத்தாலே தோளைப் பிடிச்சுண்டே. நூத்தி அறுபதுக்கு மேல தொட்டா பிஞ்சுடும்னு என் மடியில படுத்து அழுதே. அதான் அழிச்சுட்டு மாத்தி எழுதினேன். ரெண்டும் ஒரே அச்சு, ஒரே ஆரஞ்சு.

— வேணும்னேதானா? எனக்குத் தெரியாமப் போயிடும்னு நினைச்சியா?

— தெரியலயே. எட்டு மாசம் கையைத் தூக்காதவளுக்கு எல்லாமே கனமாத்தானே இருக்கும்? பதினஞ்சு கிராம் எங்கே தெரியறது? ரெண்டே வாரத்துல எண்பது மீட்டர் வீசினே. லேசான தட்டுதான் எனக்கு ராசின்னு குதிச்சே. ஹாசன்ல ஜெயிச்சே, பெங்களூர்ல ஜெயிச்சே, இன்னிக்குப் பதினேழு கூடை ஆடினே. எல்லாம் நூத்தி எழுபத்தஞ்சு மேதா. உன் தோள் எப்பவோ சரியாயிடுத்து.

— என் தோள் சரியானது எனக்குத் தெரிய வேண்டாமா? ஒவ்வொரு வீச்சுக்கும் பயந்து செத்தேனேடா! ஒரு வாளித் தண்ணி தூக்கல. அக்கா குழந்தையைத் தூக்கல, கையை நீட்டிண்டு வந்துது, மாட்டேன்னுட்டேன். நீ பக்கத்துலயே நின்னு பாத்துண்டிருந்தே.

— சொல்லணும்னு எத்தனையோ தடவை வாய் வரைக்கும் வந்துது. நன்னா ஆடிண்டிருக்கா, எதுக்குக் கலைக்கணும்னு தள்ளிப் போட்டேன். நல்லதுக்குத்தான் பண்ணினேன்.

— பெரிய உபகாரம்! சரி, நல்லதுக்குன்னே வெச்சுக்கறேன். பல்லைக் கடிச்சுண்டு வெச்சுக்கறேன். இப்போ நான் கேக்கறதுக்கு மட்டும் பொய் சொல்லாம பதில் சொல்லு. கடைசிக் கூடையில என் பையை மாட்டிண்டு நின்னது யாரு?

— நான்.

— எதிர்காத்தா இருக்கு, நூத்தி எழுபத்தஞ்சைக் குடுன்னு யார்கிட்ட கேட்டேன்?

— என்கிட்ட.

— வாங்கினப்பவே கையில லேசா இருந்துது. பதட்டத்துல கை மரத்துப் போயிருக்கும்னு என்னையே சந்தேகப்பட்டேன். அது லேசுன்னு தெரிஞ்ச ஒரே ஆள் நீ. பையைத் தூக்கறவன் ஆடறவளுக்கு யோசனை சொல்லலாம், ரூல்லயே இருக்கு. வேண்டாம் மேதா, எப்பவும் வீசறதையே வீசுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தாப் போதும். ஏன் சொல்லல?

— மேதா...

— என்ன மேதா? மறந்துட்டியா? கூட்டம், காத்து, பதட்டம், மாத்தி எழுதினதே மறந்து போச்சு, அப்படித்தானே? ஆமான்னு சொல்லு. நான் நம்பறேன். அழுதுட்டு எழுந்துக்கறேன். சுதர்ஷன், மறந்துட்டேன்னு சொல்லேன்!

— மறக்கல. சொன்னா ஏன்னு கேப்பே, நான் மாத்தினது தெரிஞ்சுடும், அத்தனை பேர் முன்னாடி என்னைப் பாத்துக் கத்துவே... அதுக்கு நீ தோத்தாலே தேவலைன்னு தோணித்து. தெரிஞ்சேதான் எடுத்துக் குடுத்தேன்.