இருபத்திரண்டு வருஷம் வெட்டுப்படாத சட்டை

இந்த வருஷம் இறைச்சி அடைத்துச் சுட்ட பாஸ்டி நன்றாக வந்திருக்கிறது. கார்டன் ட்ரெவாரோ உருளைக்கிழங்கைக் குறைத்து இறைச்சியைக் கூட்டியிருக்கிறார், மேல்மாவும் வாயில் கரைகிறது. அதை முதலில் எழுதிவிடுகிறேன். சாப்பாடு, பனி, மான் இந்த மூன்றையும் வேட்டை முகாம் பதிவேட்டில் குறித்துவைப்பது இருபத்திரண்டு வருஷமாக என் பொறுப்பு. கையெழுத்து அழகாக இருக்கிறது என்று என்னிடம் கொடுத்தார்கள். இன்று நவம்பர் பதினான்கு. நாளைக் காலை மான் வேட்டைப் பருவம் திறக்கிறது. பனி கணுக்கால் அளவு.

வழக்கமாக அரைப் பக்கத்தில் முடித்துவிடுவேன். இன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கார்டன் பேனாவை என் கையில் வைத்து, "எத்தன பக்கம் வேணும்னாலும் எடுத்துக்க ஆர்விட். ஆனா ஒண்ணையும் விட்டுடாத" என்று சொல்லிவிட்டு மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு சௌனா நீராவிக் குளியலுக்குப் போய்விட்டார். எனக்கு எதிரே ஒரு ஜாம் பாட்டில் இருக்கிறது. அதற்குள் நசுங்கிய துப்பாக்கிக் குண்டுகள் ஒன்பது. என் தங்கை ஹெல்மி கொண்டுவந்து வைத்தது. அவர்கள் வியர்த்துக் குளித்துத் திரும்பியதும் நான் எழுதியதைப் படிப்பார்கள், பிறகு என்னை முகாமில் வைத்திருப்பதா, அனுப்பிவிடுவதா என்று கை தூக்குவார்கள். ஆகவே நிதானமாக எழுதுகிறேன்.

பின்னால் படிக்கப்போகிறவர்களுக்காக ஒன்று. எங்கள் முகாமில் மானைச் சுட்டுத் தவறவிட்டவனின் சட்டை வாலை, அதாவது பின்பக்கத் தொங்கலை, கத்திரிக்கோலால் வெட்டி, பெயரும் வருஷமும் எழுதிச் சுவரில் ஆணியடித்து மாட்டுவார்கள். அடுப்புக்குப் பின்னால் இருக்கும் சுவர் முழுக்கத் துணிதான், தையல்காரன் கடை தோற்றுவிடும். கார்டனுடையது ஆறு. எங்களில் இளையவன் டென்னியுடையது நான்கு. என் தங்கை கணவர் ரெய்னோ சல்மெலாவுடையது, போன வருஷத்துக்கு முன்பு வரை, பதினான்கு. என்னுடையது ஒன்றுகூட இல்லை. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை, சுவரைப் பார்த்தால் தெரியும்.

போன வருஷம் ரெய்னோ புதுத் துப்பாக்கியோடு வந்தார். செமி ஆட்டோமேட்டிக். நாங்கள் எல்லோரும் வைத்திருப்பது போல்ட் துப்பாக்கி. ஒரு தடவை சுட்டால் கைப்பிடியைத் தூக்கி, இழுத்து, தள்ளி, அடுத்த தோட்டாவை நாமே ஏற்ற வேண்டும். அவருடையது தானே ஏற்றிக்கொள்ளும், விசையை அழுத்துவது ஒன்றுதான் வேலை. அரசாங்கம் அனுமதிக்கிறது, எங்கள் முகாம் அனுமதிப்பதில்லை. ஆனால் ரெய்னோவுக்கு வலது தோளில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. போல்ட்டை இழுத்தால் வலி உயிர் போகும், சுடும்போது பழைய துப்பாக்கி பின்னால் தள்ளும் உதையையும் தோள் தாங்காது. புதியது மெதுவாகத்தான் உதைக்கும் என்று சொல்லித் தோட்டா ஒன்றை மேசையில் வைத்தார். என் சுண்டுவிரல் பருமன்கூட இல்லை. என் கண்ணில் முதலில் பட்டது அதுதான்.

நான் எதிர்த்தேன். ஒரு மானுக்கு ஒரு குண்டு என்பது என் கொள்கை. தானே ஏறும் குண்டு ஐந்து இருக்கிறது என்று தெரிந்தால் மனுஷன் முதல் குண்டைக் குறி பார்க்காமல் சுடுவான் என்றேன். இதைக் கையில் வைத்துக்கொண்டு காட்டில் திரிந்தால் வேட்டையே ஆடாத ஜனங்கள் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள், கடைசியில் எல்லாத் துப்பாக்கியையும் பிடுங்குவார்கள் என்றேன். டென்னி அதை அப்படியே திருப்பிப்போட்டான். இன்று அவருடையதை நாமே விட்டுக்கொடுத்தால் நாளைக்கு உங்கள் போல்ட்டைத் தேடி வருவார்கள் என்றான். அதோடு விட்டானா, இல்லை.

"நீங்க ஓட்டறது ஆட்டோமேட்டிக் கியர் வண்டிதான, அண்ணே? அப்ப நீங்க ஓட்டறீங்களா, அதுவா ஓடுதா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வாக்கெடுப்பில் மூன்றுக்கு மூன்று வந்தது. கார்டன் ஒரு வழி சொன்னார். ஒரு நாள் சோதனை. திறப்பு நாளில் ரெய்னோ அதைக் கொண்டு போகட்டும், எப்படிச் சுடுகிறார் என்று பார்த்து மறுபடி கை தூக்குவோம் என்றார். நியாயமான யோசனை. நானும் ஒப்புக்கொண்டேன்.

ரெய்னோ அன்று மதியம் மணல் பள்ளத்துக்குப் போய் அட்டையில் குறி சரிபார்த்தார். நூறு கஜத்தில் மூன்று குண்டும் ஒரு காப்பிக் கோப்பையின் வாய்க்குள் விழுந்தன. குழந்தை மாதிரி அந்த அட்டையை எல்லோரிடமும் காட்டினார். பிறகு வழக்கம்போல எல்லோரும் துப்பாக்கிகளை வராந்தாச் சட்டத்தில் மாட்டிவிட்டுச் சௌனாவுக்குப் போனார்கள். எனக்கு இரத்த அழுத்தம் இருக்கிறது, சூடு ஆகாது என்று டாக்டர் சொன்னதாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன். எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. இதையும் எழுதிவைக்கிறேன்.

ரெய்னோவின் துப்பாக்கி மேல் குறி பார்க்கும் தொலைநோக்கி, அந்த ஸ்கோப்பின் தலையில் ஒரு சின்ன மூடி இருக்கும். அதைத் திறந்தால் திருகு. கால் டாலர் நாணயத்தை அதில் வைத்து, மேல்நோக்கிய அம்புக்குறிப் பக்கமாக அறுபது சொடுக்குத் திருகினேன். நூறு கஜத்தில் குண்டு ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாக மேலே போகும். மூடியைப் போட்டு, விரல் ரேகையைத் துடைத்துவிட்டு, காப்பி வைத்தேன். அவர்கள் குளித்துவிட்டு வரும்போது சூடாக இருந்தது.

மறுநாள் காலை ஏழே முக்காலுக்கு ரெய்னோவின் பரணுக்கு முன்னால் ஒரு கொம்புமான் வந்து நின்றது. அவர் சுட்டார். அது நிமிர்ந்து பார்த்தது. மறுபடி சுட்டார். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் அது நின்ற இடத்திலேயே நின்றது. ஐந்து குண்டும் அதன் முதுகுக்கு மேலே போயின. பிறகு நடந்தே போய்விட்டது, ஓடக்கூட இல்லை. எதிரே தரையில் நான் பதுங்கும் மறைவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று நான் சுடவில்லை, மரியாதைக்காக.

முகாமில் குண்டுக்கு ஒன்றாக ஐந்து வெட்டு வெட்ட வேண்டியிருந்தது. வால் மூன்றோடு தீர்ந்துவிட்டது. மீதி இரண்டுக்குக் கார்டன் முதுகுத் துணியில் ஏறிப் போனார். ரெய்னோ குளிரில் முதுகு தெரிய நின்றார். டென்னி சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போனான். எனக்கும் வேடிக்கையாகத்தான் இருந்தது. அப்புறம் வாக்கெடுப்பு. செமி ஆட்டோமேட்டிக் வேண்டாம் என்பவர்கள் கை தூக்கச் சொன்னதும் ஆறு கை எழுந்தது. ஆறாவது கை ரெய்னோவுடையது.

"என் கையே எனக்கு எதிரா போகுது, மச்சான்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். "அஞ்சு குண்டப் போட்டு ஒண்ணு படலன்னா, அது துப்பாக்கி இல்ல, நான்தான்."

வேறு யாராக இருந்தாலும் முதலில் ஸ்கோப்பைச் சந்தேகித்திருப்பார்கள், மணல் பள்ளத்துக்குத் திரும்பிப் போய் அட்டையில் சுட்டுப் பார்த்திருப்பார்கள். சுவரில் பத்தொன்பது துணி தொங்கவிட்ட மனுஷன் தன்னைத்தான் சந்தேகிப்பான். அவர் துப்பாக்கியைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். இனி வரமாட்டேன் என்று கார்டனுக்குச் சொல்லி அனுப்பினார். எனக்கு அது வருத்தமாக இருந்தது. நான் அவ்வளவு தூரம் எதிர்பார்க்கவில்லை.

இப்போது பாட்டிலுக்கு வருகிறேன்.

இந்தக் கோடையில் ஹெல்மி தானே வேட்டைக்கு வருவதென்று முடிவெடுத்தாள். அந்தத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு மணல் பள்ளத்துக்குப் போயிருக்கிறாள். மூன்று குண்டும் குறிக்கு வெகு மேலே, ஆனால் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு விழுந்திருக்கின்றன. என் தங்கை சின்ன வயதிலிருந்தே கணக்கில் புலி.

"கை நடுங்கினா ஒண்ணு இங்க போகும், ஒண்ணு அங்க போகும். மூணும் கூட்டமா ஒரே எடத்துல ஒக்காந்தா அது சுடறவன் குத்தம் இல்லண்ணே. யாரோ திருகியிருக்காங்க" என்று இன்று காலை எல்லோர் முன்னாலும் சொன்னாள்.

அதோடு போயிருந்தால் நான் சமாளித்திருப்பேன். ஆனால் என் மறைவுக்கு எதிரே, மான் தடத்துக்கு அந்தப் பக்கம் பட்டுப்போன தேவதாரு ஒன்று நின்றது, ஆகஸ்ட் காற்றில் அது சாய்ந்துவிட்டது. சௌனா அடுப்புக்கு ஆகும் என்று ஹெல்மி அதை அறுத்திருக்கிறாள். ரம்பத்துக்குப் பல் போனது. உள்ளே ஒன்பது குண்டுகள். எல்லாம் என் மறைவு இருக்கும் திசையிலிருந்து போனவை, எல்லாம் என் துப்பாக்கி அளவு.

விஷயம் இதுதான். தடத்துக்கு மேற்கே ரெய்னோவின் பரண், கிழக்கே என் மறைவு. அப்போது இருவரிடமும் ஒரே அளவுத் தோட்டா போடும் போல்ட் துப்பாக்கி. மூன்றாவது வருஷம் ஒரு மான் நடுவே வந்தது. இருவரும் ஒரே நொடியில் சுட்டோம், மான் விழுந்தது. நான் தரையில் இருந்ததால் முதலில் போய்ச் சேர்ந்தேன். ஒரே ஒரு குண்டுதான் பட்டிருந்தது. அது மேற்கிலிருந்து உள்ளே போயிருந்தது என்று குனிந்து பார்த்ததும் தெரிந்தது. சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் டென்னியின் அப்பா கத்திரிக்கோலோடு வந்து, யார் சட்டை என்று கேட்டார். சுடும்போது மான் திரும்பி நின்றது, பட்டது என் குண்டுதான் என்றேன். எனக்கு அது புதுச் சட்டை.

அதன் பிறகு அது ஒரு பழக்கம் ஆகிவிட்டது. ரெய்னோ ரொம்ப நேரம் குறி பார்ப்பவர். அவர் கழுத்தைச் சாய்த்துக் கன்னத்தைத் துப்பாக்கியில் பதிப்பது என் மறைவிலிருந்து தெரியும். அவர் மூச்சை நிறுத்தினால் நானும் நிறுத்துவேன். அவர் சுட்ட அதே கணத்தில் நான் தேவதாருவைச் சுடுவேன். குண்டு எங்கே போய் நிற்கும் என்று தெரியாமல் சுடக்கூடாது என்பது வேட்டைக்காரனின் முதல் விதி, அதை நான் ஒருநாளும் மீறியதில்லை. ரெய்னோ விதிப்படி துப்பாக்கியைக் காலி செய்து, கயிற்றில் இறக்கி, பிறகு ஏணியில் ஒவ்வொரு படியாக இறங்கி வருவதற்குள் நான் மானின் காதில், சுட்டவன் கட்ட வேண்டிய உரிமச் சீட்டை, என் பெயரில் கட்டியிருப்பேன். "தோள்லதான் வெச்சேன்னு நெனச்சேன், மச்சான்" என்பார். "மேல போயிடுச்சு, மாப்ள" என்பேன். நல்ல மனுஷன், நம்பிவிடுவார்.

ஒவ்வொரு கோடையிலும் அவர் மணல் பள்ளத்தில் பயிற்சி எடுத்தார். ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது குண்டு. அத்தனை உதையும் வாங்கித்தான் தோள் போயிற்று என்று டாக்டர் சொன்னாராம். இந்த டாக்டர் உண்மையான டாக்டர். ஹெல்மி இதைச் சொன்னபோது கார்டன் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். சரியாகச் சுட்டுக்கொண்டிருந்த மனுஷன் எதற்காகப் பயிற்சி எடுத்தார் என்று நானும் யோசித்திருக்கிறேன். வேண்டாம் என்று ஒருமுறை சொல்லிக்கூடப் பார்த்தேன்.

ரெய்னோ ஒன்றும் கத்தவில்லை. ஹெல்மி வற்புறுத்தி அழைத்து வந்ததால் அவரும் இங்கேதான் இருக்கிறார். பாட்டிலை ஆட்டிப் பார்த்துவிட்டு, "எந்தெந்த வருஷம்?" என்று மட்டும் கேட்டார். பதிவேட்டைப் புரட்டி ஒன்பதையும் படித்தேன். ஒவ்வொன்றுக்கும் அவர் சுவருக்குப் போய் வருஷம் பார்த்துத் தன் துணி ஒன்றைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஆறாவது, கல்யாண நாளுக்கு ஹெல்மி வாங்கிக் கொடுத்த நீலக் கட்டம் போட்ட சட்டை.

"அந்தப் பத்துக் கிளைக் கொம்பு?" என்றார். அது என் வீட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறது.

"உங்களோடதுதான், மாப்ள."

பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். சந்தோஷமா, துக்கமா என்று எனக்குத் தெரியவில்லை. "நடுவுல ரெண்டு தடவ கண்ணாடி மாத்தினேனே, மச்சான்" என்றார். எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது.

இவ்வளவுதான். எதையும் விடவில்லை. ஸ்கோப்பை ஹெல்மி சரிசெய்துவிட்டாள். நாளைக் காலை ரெய்னோ அந்தத் துப்பாக்கியோடு தன் பரணில் உட்காரப்போகிறார். வாக்கெடுப்புக்கு முன் என் தரப்பில் ஒன்றைச் சொல்லிக்கொள்ள அனுமதி வேண்டும். கொள்கை கொள்கை என்று பிடிவாதம் பிடிப்பவன் அல்ல நான். செமி ஆட்டோமேட்டிக் விஷயத்தில் என் மனம் மாறிவிட்டது, இரண்டு கையையும் தூக்கத் தயார். கொம்பைத் திருப்பித் தருகிறேன். ஒன்பது வெட்டுக்கும் தாங்கும்படி இன்று நீளமான சட்டைதான் போட்டு வந்திருக்கிறேன்.

பரிகாரமாக ரெய்னோவுக்கு நானே ஒரு செமி ஆட்டோமேட்டிக் வாங்கித் தர விரும்புகிறேன். அவரிடம் இருப்பதன் தோட்டா மிகவும் சின்னது, மானில் பட்டால் பார்த்த உடனே யாருடையது என்று தெரிந்துவிடும். என் துப்பாக்கிக்குப் போடும் அதே அளவுத் தோட்டா போடும் வகை கடையில் இருக்கிறது, விசாரித்துவிட்டேன். என் மறைவு மட்டும் பழைய இடத்திலேயே இருக்கட்டும்.