ஆய்வு நாளுக்கு மட்டும் வரும் பிள்ளைகள்

— அந்தச் சுவத்துல சாயாதடி, பெயிண்ட் இன்னும் காயல. இப்படிக் கிட்ட வா, இந்தக் குட்டி பெஞ்சுல உக்காரு. நீ என்ன கேக்க வந்தேன்னு எனக்குத் தெரியும். அதுக்கு முன்னாடி ஒரு கதை சொல்றேன், கேட்டுட்டுப் போ.

— கதை கேக்குற நேரமாக்கா இது? நாளைக்கு ஆய்வுக் குழு வருது. உங்க பள்ளிக்கூடத்துக்கும் என்னோடதுக்கும் ஒரே நாள்ல. கேட்டதுலேர்ந்து எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல.

— அதனாலதான் தலைமையாசிரியை நானே பிரஷ்ஷைப் பிடிச்சுட்டு நிக்கிறேன். சொல்லு. உன் பள்ளிக்கூடத்துல மெதுவாப் படிக்கிற பிள்ளைங்களை, வழக்கம்போல நாளைக்கு ஒரு நாள் நான் இங்க வெச்சுக்கணும். அதானே?

— சத்தியமா வேற வழி இல்லக்கா. வாசின்னா முழிக்குங்க. ஆய்வுல கிடைச்ச முதல் தரம் போச்சுன்னா மேலிடத்துல என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவாங்க. கடைசி அறையில உக்கார வெச்சுக் கதவைச் சாத்திடுங்க, போதும். என் பொண்ணையும் சேத்துத்தான் அனுப்புறேன். பாரபட்சமே பாக்கல.

— பெரிய நியாயஸ்திடி நீ.

— கிண்டல் பண்ணாதீங்க. உங்களுக்கென்ன, கேட்லயே ‘மூன்றாம் தரம்’னு பலகை தொங்குது. பயப்பட ஒண்ணும் மிச்சமில்ல.

— தொங்குது, தொங்குது. பெத்தவங்க அதைப் படிச்சுட்டு அப்படியே வண்டியைத் திருப்பி உன் பக்கம் வந்துடுறாங்க. அது எப்படி அங்க ஏறுச்சுன்னு தெரியுமா? அதான் கதை.

— சரி சரி, சீக்கிரம் சொல்லுங்க.

— போன வருஷம் உன் பள்ளியில ஆய்வு. உன் பிள்ளைங்க இங்க. உன் இடத்தை முடிச்ச குழு, மத்தியானம் கையோட இங்கயும் நுழைஞ்சுட்டாங்க. சொல்லாம கொள்ளாம.

— அன்னிக்கேவா? உங்களுக்கு வேற வாரம்னுல்ல நெனச்சேன்!

— நானும் அப்படித்தான் நெனச்சேன். வந்தவர் நல்ல மனுஷன், குரலை உசத்தல. பின் வரிசையைப் பாத்து, ‘நீ வாசிம்மா, நீ வாசிப்பா’ன்னு ஒவ்வொருத்தரா எழுப்பினார். எழுந்ததெல்லாம் உன் பிள்ளைங்க. ஒண்ணும் வாயைத் திறக்கல. எல்லாம் கலர் டிரஸ்ல இருக்கே, சீருடை ஏன் இல்லன்னார். அதுக்கும் மார்க் போச்சு.

— இவங்க என் பள்ளிக்கூடம்னு சொல்லியிருக்கலாமேக்கா!

— சொன்னா உன் கதி? அதை விடு. பிள்ளைங்க முகத்துக்கு நேரா ‘இது எங்களோடது இல்ல’ன்னு எப்படிடி சொல்றது? ஏற்கெனவே ஒரு இடத்துல அதைக் கேட்டுட்டுத்தானே வந்திருக்குங்க. அதான் சொல்லல.

— அப்போ… உங்க மூன்றாம் தரம் என்னாலயா?

— அந்த மனுஷர் மேலயும் தப்பில்ல. ஒரு மத்தியானம் வந்தார், கண்ணுல பட்டதை எழுதினார். உன்கிட்ட என்ன இருந்துச்சோ அதை எழுதினார், என்கிட்ட என்ன இருந்துச்சோ அதை எழுதினார். கூட்டல்ல பிழையே இல்ல.

— இந்தத் தடவையும் அதே தரம் வந்தா?

— மூடிடுவாங்க. மூடி, உன் பள்ளிக்கூடத்தோட சேத்துடுவாங்க. எங்க பிள்ளைங்க எல்லாம் உன்கிட்ட வந்துடும். அப்புறம் ஆய்வு நாளன்னிக்கு அதுங்களையெல்லாம் நீ எங்கடி அனுப்புவே?

— நான் கிளம்புறேன்க்கா.

— சுவத்தைப் பிடிச்சு எழுந்திரிக்காதடி. முந்தானையைப் பாரு, பெயிண்ட்ல தோய்ஞ்சுடுச்சு.

— பரவால்லக்கா. நான் நாளைக்கு அனுப்பல.

— கோவமா சொல்றியா?

— அலுப்பாச் சொல்றேன். ‘நாளைக்கு உங்களுக்கு மட்டும் சுற்றுலா’ன்னு அந்தப் பிள்ளைங்ககிட்ட வருஷா வருஷம் சிரிச்சுச் சிரிச்சுச் சொல்லி வாய் வலிக்குது. அதுங்க என்னைப் பாக்குற பார்வை இருக்கே… முழிக்கட்டும். என் பள்ளிக்கூடத்துலயே உக்காந்து முழிக்கட்டும். முதல் தரம் போனா?

— போனா போகுது. என்கிட்ட ஒரு பலகை இருக்கு, ஆணியோட தர்றேன்.

— இந்த நேரத்துலயும் உங்களுக்குச் சிரிப்பு. என் பொண்ணை நெனச்சாத்தான் கவலையா இருக்கு. என் பள்ளிக்கூடத்துல மட்டுமில்லக்கா, வீட்லயும் புஸ்தகத்தைக் கையில கொடுத்தாக் கல்லு மாதிரி உக்காந்துடுவா. நானே ஒரு டீச்சர்னு பேரு.

— இனிமே அவளை இங்க அனுப்ப மாட்டே. நிச்சயந்தானே?

— நிச்சயம்க்கா. யாரையும் அனுப்ப மாட்டேன்.

— அப்போ நான் கொடுத்த வாக்கை மீறலாம். போன வருஷம் குழு வண்டியேறிப் போனதும், எங்க ஒண்ணாங்கிளாஸ் வாண்டுகளைச் சுத்தி உக்கார வெச்சு ஒரு பொண்ணு முழுக் கதையும் வாசிச்சா. கரடிக்கு ஒரு குரல், குருவிக்கு ஒரு குரல். வாண்டுங்க மூச்சு விடல. நான் வாசல்ல நின்னு கேட்டேன். என்னைப் பாத்ததும் புஸ்தகத்தை மூடிட்டு ஓடி வந்து கையைப் பிடிச்சுக்கிட்டா.

— யாருக்கா அது? என்ன சொன்னா?

— ‘பெரிய டீச்சர், எனக்கு வாசிக்க வரும்னு எங்க அம்மாகிட்ட சொல்லிடாதீங்க, அப்புறம் அடுத்த வருஷம் என்னை இங்க அனுப்ப மாட்டாங்க’ன்னா உன் பொண்ணு. அழாதடி. வீட்டுக்குப் போ. அந்தக் குருவிக் குரல் உன் வீடு பூரா கேக்கட்டும், கண்ணு, நீங்க எல்லாரும் நல்லா இருக்கணும்.