தேவன் அளந்த நேரம்

மதியச் சாப்பாட்டை நான் பன்னிரண்டரைக்கு மேல் தள்ளிப்போடுவதில்லை. வயிற்றுப் புண்காரன். அன்றைக்கும் கேண்டீனில் ரசச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோதுதான் தேவன் கத்தியது கேட்டது. தொண்ணூற்றாறில் நீங்கள் எழுதிய விசாரணை அறிக்கையில் பன்னிரண்டு நாற்பது என்று இருக்கிறது. நேரம் சரி. மற்றதை இப்போது சொல்கிறேன்.

லூபோக் சீனா என்ற ஊருக்குப் பக்கத்துச் செம்பனை ஆய்வு நிலையத்தில் லேசர் பிரிவுக்கு நான்தான் தலைவர். எண்ணெய் ஆலையின் கழிவுக் குளத்தில் ஊதா நிறமாக ஒரு நுண்ணுயிர் படரும். அதுவும் இலையைப் போல வெளிச்சத்தைத் தின்றே வாழ்கிறது. அதன் உடம்பில் ஒரு நிறமி வெளிச்சத்தைப் பிடித்து அடுத்ததற்குக் கொடுக்கும். தோட்டத்தில் தீப்பிடித்தால் வாளி கைமாறுவதைப் போல. அந்தக் கைமாற்றத்துக்கு எவ்வளவு நேரம் என்பதுதான் கேள்வி. ஒரு நொடியை லட்சம் கோடிப் பங்கு போட்டால், அதில் இரண்டரைப் பங்கு என்று இங்கிலாந்தில் படித்தபோது நான் அளந்து சொன்னேன். என் பட்டம், பதவி எல்லாம் அந்த இரண்டரையில் வந்தவை. வரைபடத்தில் மூன்று புள்ளிகள் ஒத்துவரவில்லை. எடுத்துவிட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். மூன்று புள்ளிகளை மறைக்க முடியும்.

தேவன் என் ஆராய்ச்சி மாணவன். பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய குஞ்சம்மாவின் ஒரே பிள்ளை. எனக்கு அவனைப் பிடிக்கும். நீங்கள் நம்பாவிட்டாலும் அது உண்மை. என்னைவிட நிதானமான கை அவனுக்கு.

ஒரு திங்கட்கிழமை தாளோடு வந்து நின்றான்.

"சார், ஒங்க நம்பர் வரல லா. மூணு வாட்டி பாத்துட்டேன். முக்கால்தான் வருது."

"ஒரு நாள் எடுத்ததை வைத்து எழுத ஏலாது. குளத்துப் புதுத் தண்ணியில இன்னொருக்கா எடும். பிறகு எழுதுவம்."

நான் சொன்னது முறைதான். எந்த ஆய்வுக்கூடத்திலும் அப்படித்தான் சொல்வார்கள். வெள்ளிக்கிழமை மறுபடி அளப்பது என்று முடிவாயிற்று.

லேசர் அறைக்குள் பளபளக்கும் எதையும் அணிந்து போகக்கூடாது. கதிர் அதில் பட்டுத் தெறித்தால் கண் போய்விடும். என் கல்யாண மோதிரத்தையே கழற்றிவைத்துவிட்டுத்தான் போவேன். கதிரின் பாதையைச் சரிசெய்யும்போது மட்டும் எல்லாரும் பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றிவிடுவோம். அதைப் போட்டால் புள்ளி தெரியாது. அதற்காகவே கதிரின் வழியில் ஒரு ஃபில்டரை வைத்து, அதன் வலுவை ஆயிரத்தில் ஒன்றாகக் குறைத்திருப்போம்.

தேவன் கையில் வெள்ளிக் காப்பு இருந்தது. சன்னாசிமலைக் கோயிலில் மாசி மகத்தன்று அவன் அம்மா போட்டுவிட்டது. வழக்கமாக அதன் மேல் கறுப்பு டேப்பைச் சுற்றிக்கொண்டுதான் உள்ளே போவான். அந்த வெள்ளிக்கிழமை டேப் இருந்த இடத்தில் இல்லை.

"கழட்டணுமா சார்? பட்டம் வாங்குற வரைக்கும் கையிலயே கெடக்கணும்னு அம்மா வேண்டியிருக்காங்க."

"கழட்ட வேண்டாம். அம்மா போட்டதெல்லோ, கிடக்கட்டும்."

ஒரு வெள்ளைக்காரன் பக்கத்தில் இருந்திருந்தால் கழற்றச் சொல்லியிருப்பான். நான் நம் வேண்டுதலின் அருமை தெரிந்தவன்.

"ஃபில்டர் போட்டாச்சா சார்?"

"போட்டிருக்கு. பாதையை மட்டும் சரிசெய்து வையும். சாப்பிட்டு வாறன்."

அவன் கதிரை மறைத்திருக்கும் சிறு கதவைத் திறந்து, புள்ளியைப் பார்க்கும் அட்டையை வைக்கக் கையை நீட்டியிருக்கிறான். முதலில் வலது கண். திரும்புவதற்குள் இடது. முழுக்குருடு இல்லை. நடுப்பார்வை மட்டும் போயிற்று. ஓரத்தில் எல்லாம் தெரியும். அம்மாவைப் பார்த்தால் சேலை தெரியும், கை தெரியும், முகம் இருக்காது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் குஞ்சம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"ஐயா, நான் போட்டுவிட்ட காப்புதான் எம்புள்ள கண்ணப் பறிச்சிருச்சு."

அழாதீர்கள் என்றேன். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் அது அவர் குற்றமில்லை என்று நான் சொல்லவில்லை. நீங்களும் அறிக்கையில் அப்படித்தானே எழுதினீர்கள், மாணவர் நகை அணிந்திருந்தார் என்று.

பதினொன்றரை மணிக்கு ஃபில்டரை எடுத்து வெல்வெட் பெட்டியில் வைத்தவன் நான். டேப்பை என் பைக்குள் போட்டுக்கொண்டவனும் நான். கத்தல் கேட்டதும் முதல் ஆளாக ஓடியதற்கு எனக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. ஓடியது ஃபில்டரைத் திரும்ப வைக்க.

போன மாதம் வெளிநாட்டிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. கைமாற்ற நேரம் முக்கால் பங்கு. என் பழைய எண்ணைப் பற்றி ஒரே ஒரு வரி. அந்தக் காலத்துக் கருவிகளுக்கு அவ்வளவுதான் முடியும் என்று பெருந்தன்மையாக விட்டுவிட்டார்கள். மூன்று புள்ளிகளைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்டிருக்கவே மாட்டார்கள்.

தேவன் இப்போது தெங்கேராவில் ஒரு கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர். வாசிக்க முடியாது என்பதால் மாதம் ஒருமுறை நான் போய் ஆராய்ச்சி இதழ்களைப் படித்துக் காட்டுவேன். இந்தக் கட்டுரையையும் படித்தேன். எண் வரும் இடத்தில் நிறுத்தினேன்.

"எவ்வளவு சார்?"

"இரண்டரை."

"அப்ப நான்தான் தப்பா அளந்திருக்கேன்," என்றான்.

ஆமாம் என்றேன். இவ்வளவு நல்ல கையை இழந்துவிட்டோமே என்ற ஏக்கம் அந்தப் பிள்ளைக்கு வேண்டாம் என்றுதான் அப்படிச் சொன்னேன்.