வைன் போட்டாத்தான் ஓடும்

– கையை எடுய்யா. சோடாவும் வேணாம், நாற்காலியும் வேணாம். என் பொண்ணுக்கு எத்தினி நாளா வைன் ஊத்திக் குடுக்கிற, அத்த மட்டும் சொல்லு.

– ஐயா, என்ன பேசுறீங்க? ஜோனத்தான் கடைன்னா இரும்புலியூர்ல எல்லாருக்கும் தெரியும். கம்ப்யூட்டர் விளையாட்டுக் கடை. இங்க ஒரு பீடி பத்த வைக்கக்கூட விடமாட்டேன்.

– ஜோனத்தானா? உங்க ஆளுங்க கோயிலுக்குள்ளயே வைன் குடுப்பாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன்.

– எங்க சர்ச்சுல அது திராட்சை ஜூஸ் ஐயா. சக்தி! கொஞ்சம் வெளிய வாம்மா. உங்க அப்பா கோவளத்துலேர்ந்து வந்திருக்காங்க. என்னென்னமோ சொல்றாங்க.

– நைனா? நீ எங்க இங்க? நேத்துதான அத்த வூட்டுக்கு வந்த. காலைல எழுந்து பாத்தா ஆளக் காணோம். மீன் ஏலத்துக்குப் போயிட்டன்னு நெனச்சேன்.

– கிட்ட வா. ஊது.

– இன்னா?

– வாயை ஊதுன்றேன்ல. இந்தத் துலுக்காணம் பொண்ணு வாயில இன்னா வாசன வருதுன்னு நான் பாக்கணும்.

– ஊஃப்! போதுமா? காலைல துன்ன பொங்கல் வாசன. இப்ப சொல்லு, இன்னா ஆச்சி ஒனக்கு?

– எனக்கு இன்னா ஆவணும்? நேத்து சாயங்காலம் மாடிப்படில நின்னுகினு போன்ல யார்கிட்ட பேசின?

– சார்கிட்டதான் பேசினேன்.

– இன்னா பேசின? நான் சொல்லட்டா? "பழைய வைன் வேலைக்காவல சார். புதுசு போட்டேன், சும்மா பறக்குது." சொன்னியா இல்லியா?

– சொன்னேன்.

– பாத்தியாய்யா! வாய் கூசாம சொல்றா.

– ஐயா, பாருங்க, அது குடிக்கிற வைன் இல்ல. அது ஒரு ப்ரோக்ராம் பேரு.

– கதை வுடாத.

– ஐயோ நைனா, கேளு. இந்த கார் ரேஸ் ஆட்டம் கீது பாரு, இத்த விண்டோஸ்னு வேற ஒண்ணுக்காக செஞ்சிருக்கான். நம்ம கடை மிஷினு பூரா லினக்ஸ். இதுல அந்த ஆட்டம் நேரா ஓடாது. கேரளாக்காரன் லாரி எடுத்துகினு கோவளத்துக்கு வந்தான்னா, அவன் பேச்சு ஒனக்குப் புரியாது, நடுவுல ஒரு ஆளை வெச்சிக்கினு வெல பேசுவ இல்ல? அந்த ஆளு மாதிரிதான் வைன். வைன் போட்டாத்தான் ஆட்டம் ஓடும்.

– அந்த நடு ஆளு ரெண்டு பக்கமும் திருடுவான். நல்லாவே தெரியும் எனக்கு. எங்க, காட்டு அந்த வைனை.

– இதோ. இந்த சின்னப் படம்தான்.

– அடிப்பாவி! கோப்பை! செவப்பா ஊத்தி சாய்ச்சி வெச்சிருக்கான்! எழுத்துதான்டி எனக்குத் தெரியாது, கண்ணு நல்லாத் தெரியும்.

– அது சும்மா அடையாளத்துக்குப் போட்ட படம் ஐயா.

– நீ இன்னாத்துக்கு அந்த விண்டோஸயே வாங்கி வெக்கல?

– காசு குடுத்து வாங்குற அளவுக்கு கடை ஓடல ஐயா. திருட்டு சிடி போட என் மனசாட்சி இடம் குடுக்கல. லினக்ஸ் சும்மாவே தர்றாங்க, அதான்.

– சும்மா தர்றானா? எவன்யா சும்மா தருவான்? ஐஸ் கட்டி கூட சும்மா தர மாட்டான். சும்மா தர்றவன் கொக்கிய உள்ள மறைச்சி வெச்சிருப்பான்.

– நைனா, சத்தம் போடாத. உள்ள ஆளுங்க வெளாடிகினு கீறாங்க.

– போடுவேன். அடுத்ததக் கேளு. "ரூட்டு குடுங்க சார், நான் பாத்துக்கறேன்"னு கேட்ட. கல்யாணம் ஆன மனுசன்கிட்ட ரூட்டு கேக்கறா என் பொண்ணு! தாம்பரம் பஸ் ஸ்டாண்டுல எவன் எவளுக்கு ரூட்டு வுடறான்னு நான் பாக்காததா?

– ஆண்டவரே! ஐயா, எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு. ரூட்னா பாஸ்வேர்டு. கடை சாவி மாதிரி. அது இருந்தாத்தான் மிஷின்ல எதையும் மாத்த முடியும். எனக்கு அதெல்லாம் தெரியாது, எல்லாம் உங்க பொண்ணுதான் பாக்குது. அதனால குடுத்தேன்.

– சாவியா?

– சாவிதான் நைனா.

– அப்ப என்னைக் கொல்றதுக்கு இன்னாத்துக்குடி பேசின?

– ஐயோ! யாரு?

– நீதான். "பேரண்ட்டை கில் பண்ணுங்க சார், பண்ணாத்தான் அடங்கும்"ன்ன. கில்லுன்னா எனக்குத் தெரியாதா? இங்கிலீஷ் படம் பாத்தவன் நான். பேரண்டுன்னா இன்னான்னு நேத்தே பக்கத்து வூட்டு கண்டக்டர்கிட்ட கேட்டேன். அம்மா அப்பான்னான். ஒங்கம்மா போய் சேந்துட்டா. மிச்சம் யாரு? ராத்திரி பூரா கதவைத் தாப்பா போட்டுகினு ஒக்காந்திருந்தேன்டி, பெத்த பொண்ணுக்குப் பயந்துகினு.

– நைனா... ஆட்டம் உறைஞ்சி நின்னுபூட்டா நிறுத்தணும். நிறுத்தறதுக்குப் பேரு கில். ஒரு ப்ரோக்ராமை எது கௌப்பி வுட்டுச்சோ அதுக்குப் பேரு பேரண்ட். இம்மாந்தான். இங்க பாரு, என் மூஞ்சியப் பாரு. ஒன்னைப் போய் நான்...

– அழாத. அழுதா நம்பிடுவேன்னு நெனக்காத.

– அழல. பழைய வைன்ல கார் பாலத்துமேல ஏறினதும் நின்னுடும். எத்தினியோ நாள் மண்டைய ஒடைச்சிகினேன். இப்பதான் ஒன்னு புள்ளி பூஜ்யம்னு புதுசு வந்திருக்கு. அத்தப் போட்டதும் பாலத்தத் தாண்டிச்சி. ஒக்காரு இங்க. இந்த அம்புக்குறிய அமுக்கு.

– இதையா? ஏ... ஏ... போவுதுடி! கடல்ல வுழுந்துச்சி!

– திருப்பி வரும். பாத்தியா? எங்கயாவது பாட்டில் கீதா?

– இல்லதான்.

– இதுக்குப் போயி காலங்காத்தால இம்மாந்தூரம்... சரி வுடு. ஞாயித்துக்கெழம பெரும்பாக்கத்துலேர்ந்து பூ வைக்க வராங்க. அதுக்குள்ள ஒரு விசயம் ஒன்கிட்ட சொல்லணும்னு இருந்தேன். மாப்பிள ஏகநாதன்கிட்ட நீதான் கேக்கணும்.

– இன்னா கேக்கணும்?

– கல்யாணத்துக்கு அப்புறமும் நான் இந்த வேலைய வுட மாட்டேன், இந்த ஆட்டத்தையும் வுட மாட்டேன். அதுக்கு ஒத்துக்குவாரான்னு தெரியணும். பொண்ணு பாக்க வந்தப்ப தலையக் குனிஞ்சிகினு பஜ்ஜியத்தான் பாத்தாரு. காலேஜ்ல மேஜைல ஒக்காந்து பாக்கற ஏதோ வேலைன்னாங்க. எப்படிப்பட்ட ஆளுன்னே தெரியல. சிரிச்சாருன்னா வேணாம். சிரிக்கலன்னா எனக்கு சம்மதம்.

– தள்ளு, நான் கௌம்பறேன்.

– இன்னா நைனா, எங்க போற?

– ஐயா, தண்ணி வேணுமா? முகமே சரியில்ல.

– காலைல நான் மீன் ஏலத்துக்குப் போவல.

– பின்ன எங்க போன?

– பெரும்பாக்கம்.

– நைனா!

– கெட்டுப்போன மீனை நல்லதுன்னு சொல்லி எவன் தலையிலயும் நான் கட்டினதில்ல. இன்னிக்கி வரைக்கும் இல்ல. அதான் நேராப் போயி சொல்லிட்டேன்.

– நான் இன்னா மீனா? இன்னா சொன்ன? சார், நீங்களே கேளுங்க சார்.

– ஐயா, என்ன சொன்னீங்கன்னு அப்படியே சொல்லுங்க.

– "என் பொண்ணு வைன் போடறா. கடைக்காரன்கிட்ட ரூட்டு வாங்கறா. அவ ஒங்களுக்கு வேணாம், பூவும் வேணாம், நீங்க வராதீங்க"ன்னேன்.

– முடிஞ்சிச்சி. எல்லாம் முடிஞ்சிச்சி. அவங்கம்மா?

– பொன்னியம்மாளா? நெஞ்சுல கைய வெச்சிகினு கீழ ஒக்காந்துச்சி.

– அவரு?

– அவனைப் பத்திப் பேசாத. நல்ல வேள, ஒன்னை அங்க குடுக்கல. நான் இங்க தப்பா நெனச்சிருக்கலாம், அங்க தப்பே இல்ல. அந்த வூட்டுப் படிய இனிமே மிதிக்க மாட்டேன்.

– ஏன்? திட்டினாரா? சிரிச்சாரா?

– சிரிக்கல. "ரூட்டா?"ன்னான். சடார்னு எழுந்து நின்னான். மொத மொறையா தலையத் தூக்கி என் மூஞ்சியப் பாத்தான். அவங்கம்மா அங்க மூச்சு முட்டிகினு கீது, இவன் பாட்டுக்கு என் கையப் புடிச்சிகினான். அசல் மொடாக்குடியன் சக்தி, அத்தினி சரக்கும் தெரியுது அவனுக்கு.

– நைனா, அவரு இன்னா சொன்னாரு?

– கண்ணு ரெண்டும் பளபளன்னு மின்னுது, கேக்கறான்: "பழசா மாமா, இல்ல புதுசா வந்த ஒன்னு புள்ளி பூஜ்யமா?"