நான் வரைந்த ஓடை

எனக்கு உருளைக்கிழங்கு சூப் இருந்தால் போதும், ஐயா, வேறு எதுவும் கேட்கமாட்டேன். உங்கள் காவல் நிலையத்தில் அது நன்றாகவே இருக்கிறது. தூக்கம்தான் வரவில்லை. அது இங்கே வந்தபிறகு தொடங்கியதும் அல்ல.

கைல்யோமா மேட்டின் மேய்ச்சல் நிலங்களையும் ஓடைகளையும் அளந்து வரைபடம் போடுவது என் வேலை. ஜூலையில் நிக்காசியாவின் நிலத்துக்குப் போனேன். அவளும் கணவன் தொரிபியோவும் கம்பளிக்காக அல்பாக்கா மந்தை மேய்ப்பவர்கள். ஓடை கிழக்குப் பள்ளத்தில் ஓடியது. அளந்தேன், வரைந்தேன், அச்சுக்கு அனுப்பினேன். மயிரிழை பிசகில்லை.

மேட்டுக்காரர்களுக்கு ஒரு பழக்கம். ஒரு பக்கம் புல் தீர்ந்தால், ஈரப் புற்கட்டிகளை வெட்டி அடுக்கி, ஓடையையே மறுபக்கம் திருப்பிவிடுவார்கள். எத்தனை மழைக்கும் அந்த அடைப்பு தாங்கும் என்று நம்புவார்கள். மழைக்காலத்தில் நான் திரும்பிப் போனபோது ஓடை மேற்கே ஓடிக்கொண்டிருந்தது. காய்ந்த கிழக்குப் பள்ளத்தில், காற்றுக்கு மறைவாக, புதுக் கல்வீடு ஒன்று கட்டிக் குடியேறியிருந்தார்கள்.

“ஓடைய ஏன் மாத்தினீங்க?” என்றேன்.

நிக்காசியா கோக்கா இலையை மென்றுகொண்டே சிரித்தாள். “அட போங்க இன்ஜினியரே! உங்க படத்தப் பாத்துக்கிட்டா தண்ணி ஓடும்? சினை மந்தைக்குப் பச்சப் புல்லு வேணாமா? அழிச்சிட்டு வேற போடுங்க.”

“அச்சாயிடுச்சும்மா.”

“அப்ப அடுத்த வருஷம் வாங்க, பழையபடி திருப்பி வெக்கிறோம்,” என்றான் தொரிபியோ.

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

மறுநாள் அரெகிப்பா நகரத்திலிருந்து என் படத்தைச் சரிபார்க்க அதிகாரி வருவதாக இருந்தது. தப்புப் படம் போட்டவன் என்று என் பெயர் அடிபடும். இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்தேன், எழுந்தால் நடந்தேன். விடிந்ததும் அடைமழையில் மண்வெட்டியோடு மேலே ஏறி, புற்கட்டிகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்தேன்.

கீழே அந்தக் கல்வீட்டுக் கூரையில் புகை தெரிந்தது. சமைத்துக்கொண்டிருந்தார்கள். கூப்பிடலாமா என்று நினைத்ததும் உண்மைதான். கூப்பிட்டால் ஓடிவந்து மறுபடி அடைத்துவிடுவார்கள். அவ்வளவு தூரம் ஏறிவந்தது வீணாகிவிடும். கடைசிக் கட்டியையும் எடுத்தேன். வெள்ளம் கற்களை உருட்டிக்கொண்டு கிழக்குப் பள்ளத்தில் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் புகை நின்றுவிட்டது.

நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அதிகாரி வந்து அளந்துவிட்டு, படத்தில் ஒரு பிழையும் இல்லை என்று சொன்னதையும் சேர்த்து எழுதுங்கள். ஓடைக்குள் யாராவது வீடு கட்டுவார்களா, ஐயா?