அணைந்த லாந்தர்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு பகலில், சங்ககிரி பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு விவசாயிகள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“தூரு வார்றதுக்கு முன்னால கெணத்துல எறக்குன லாந்தர் அணைஞ்சுதுங்க மாமா. சீமெண்ணெ தீந்திருச்சுன்னு நெனச்சு தம்பி எறங்கிட்டான். பொணமாத்தான் தூக்குனோம்.”

“நம்ம கெணத்துல கெட்ட காத்து ஏது மாப்ள?”

“பக்கத்துக் காட்டுப் பாழுங்கெணத்துல மரவள்ளிக் கெழங்கு அரைக்கிற சேகோ ஆலைக்காரன் கழிவ ஊத்துறானுங்களே. அது அழுகுன காத்து பாறை வெடிப்புல வந்திருக்குதுங்க.”

“வெடிப்பே இல்லேன்னு எவனோ ஆபீசர் எழுதிக் குடுத்தானாமே?”

“அவனையும் லாந்தரோட எறக்கியிருக்கோணுமுங்க.”

நான் அந்தப் பாறையைப் பார்த்ததே இல்லை. ஆலை அலுவலகத்தில் இளநீர் குடித்துக்கொண்டே கையெழுத்திட்டேன்.